பூக் கட்டத் தெரியாதவன் நாரைக் குறை சொன்ன கதை

எம் பேரன் பொங்கலுக்கு ஊருக்கு வந்தான். வந்த பய ஆச்சி கையால நாலு வாய் தின்னோமா, தாமிரபரணியில ஒரு முங்கு போட்டோமான்னு இல்லாம, திண்ணையில லேப்டாப்ப விரிச்சு வச்சுக்கிட்டு எளவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருந்தான். "என்னடே, பாத்த பொண்ணு வீட்டுல வேண்டாம்னுட்டாவளா?"ன்னேன்.

"அதெல்லாம் இல்ல தாத்தா. இந்த ஜாவா ரொம்ப ஸ்லோ. ரஸ்ட்டுக்கு மாத்திரலாம்னு பாக்கேன்."

எனக்கு ஒரே சந்தோசம். நல்ல முடிவுடேன்னு முதுகுல தட்டிக் குடுத்தேன். சோறு குழைஞ்சு போச்சுன்னா பானைய மாத்துததுதானே நம்ம குடும்ப வழக்கம்.

தம்பிமாரே, நான் சும்மா வாழைக்கு மண்ணு அணைக்க கெழவன்னு நெனச்சிராதிய. இருபத்தெட்டு வருசம் மெட்ராஸ்ல சி எழுதித்தான் இவன் ஆச்சிக்கு ரெண்டு வளையல் செஞ்சு போட்டேன். அதனால பய என்னதான் எழுதியிருக்கான்னு எட்டிப் பாத்தேன். அவன் கம்பெனியோட வாடிக்கைக்காரங்க ஒரு லட்சம் பேரு. ஆளுக்கு ஒரு வரி: பேரு, ஊரு, பாக்கி. எல்லாத்தையும் ஒட்டி ஒரே நீள ஸ்ட்ரிங்கா ஆக்கி ஃபைல்ல எழுதணும். அவ்வளவுதான் சோலி. லூப்ப ஓட்டி, ஒவ்வொரு வரியையும் பழசோட கூட்டல் குறி போட்டு ஒட்டியிருக்கான். ஓட விட்டான். ஆச்சி சாயா போட்டா, அது ஆறிச்சு, மறுபடி சூடு பண்ணிக் குடிச்சும் முடிச்சாச்சு. அது இன்னும் ஓடுது.

ஸ்ட்ரிங்குக்குத் தமிழ்ல சரம்னு பேரு வச்சிருக்காவ. வச்சவன் வாயில சர்க்கரையத்தான் போடணும். ஆச்சி வாழைநாருல பிச்சிப்பூ கட்டுதாள்லா, அதேதான். ஆனா ஜாவா ஊர்ல ஒரு சட்டம் உண்டு: கட்டி முடிச்ச சரத்துல யாரும் கை வைக்கக் கூடாது. பைத்தான், கோ, சி ஷார்ப், ஜாவாஸ்கிரிப்ட் எல்லா ஊர்லயும் இதே சட்டம்தான். கேக்கதுக்குக் கோட்டித்தனமாத் தெரியும். ஒரே சரத்தப் பத்து பேரு நம்பிப் பாத்துக்கிட்டு இருக்கும்போது பதினோராவது ஆளு நடுவுல ஒரு பூவ உருவிட்டா என்ன ஆகும்? அந்த வம்பே வேண்டாம்னு போட்ட சட்டம்; நல்ல சட்டம்தான். ஆனா இன்னொரு பூவச் சேக்கணும்னா, புது நாரு எடுத்து, பழைய சரத்துல உள்ள அத்தனை பூவையும் முதல்லருந்து கட்டி, கடைசியில அந்த ஒத்தப் பூவ வச்சு முடிச்சுப் போடணும். பழைய சரம் குப்பைக்கு. அந்தக் குப்பைய அள்ளுததுக்குன்னு தனியா ஒரு ஆளு வேற இருக்கான். அவன் அப்பப்ப வந்து, "கொஞ்சம் நில்லுங்க, கூட்டிக்கிடுதேன்"ன்னு எல்லாரையும் நிறுத்தி வைப்பான்.

திண்ணைச் செவுத்துல கரித்துண்டால கணக்குப் போட்டுக் காட்டுனேன். வரிக்கு 50 எழுத்துன்னு வை. லட்சம் வரிக்கு 50 லட்சம் எழுத்து. கடைசியில கையில இருக்கப் போறது அவ்வளவுதான். ஆனா ரெண்டாவது வரிய ஒட்டும்போது முதல் வரியத் திரும்ப எழுதணும், மூணாவத ஒட்டும்போது முதல் ரெண்டையும் எழுதணும். இப்படியே லட்சம் வரைக்கும் கூட்டுனா 25,000 கோடி எழுத்து நகல் எடுக்கணும். "பேராண்டி, 25,000 கோடி எழுத்த உனக்காகத் திருப்பித் திருப்பி எழுதிட்டு, மூச்சு விடாம நிக்கில்லா இந்த ஜாவா, இதுக்கு ஒரு சால்வை போத்துடே"ன்னேன்.

பய முகம் சுண்டிப் போச்சு. இருந்தாலும் விடல. "ரஸ்ட்ல இதெல்லாம் வேகமா நடக்கும் தாத்தா."

நடக்கும்டே. ரஸ்ட்லயும் போயி, ஃபார்மேட்டப் போட்டுப் பழைய சரத்தையும் புது வரியையும் சேத்துச் சேத்துப் புதுச் சரமா எடுத்தேன்னா, அங்கயும் அதே 25,000 கோடிதான். இருக்க சரத்துலயே பின்னால தள்ளி விடுததுக்கு அங்க ஒரு வழி உண்டு. அது தெரிஞ்சா நிமிசத்துல முடியும். ஆனா அந்த வழி ஜாவாவுலயும் 2004லருந்து இருக்கே! ஸ்ட்ரிங்பில்டர்னு பேரு. அதுக்கு முன்னால ஸ்ட்ரிங்பஃபர்னு ஒண்ணு இருந்துச்சு. அது ஒவ்வொரு பூ வைக்கும்போதும் வீட்டுக் கதவப் பூட்டித் திறக்கும், வேற யாராவது உள்ள வந்திருவாவளோன்னு. வீட்டுல இருந்ததோ ஒத்த ஆளு.

இந்த பில்டர் செய்யுதது ஒண்ணும் மந்திரமில்ல. ஆச்சி செய்யுததுதான். கையில உள்ள நாரு தீந்து போச்சுன்னா ஒரு விரக்கடை நாரா கிழிப்பா? இருந்தது போல ரெண்டு மடங்கு நீளத்துக்குக் கிழிச்சு வச்சுக்கிடுவா. ஜாவாவோட பில்டர் 16 எழுத்துக்கு இடம் விட்டு ஆரம்பிக்கும். நிறைஞ்சா ரெட்டிச்சு அதுக்கு மேல ரெண்டு சேத்துக்கிடும். மாத்திக் கட்ட வேண்டிய வேளை வரும், ஆனா எப்பவாவதுதான் வரும். இந்த வழியில எல்லா நகலையும் கூட்டுனாலும் ரெண்டு கோடி எழுத்தத் தாண்டாது. 25,000 கோடி எங்க, ரெண்டு கோடி எங்க! மொழி அதேதான், மிசினும் அதேதான்.

"கூட்டல் குறி போட்டா கம்பைலரே பாத்துக்கிடும்னு ஆபீஸ்ல சொன்னாவ"ன்னான். சொன்னவன் பாதி விசயம் தெரிஞ்சவன். அவன்கிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும். ஒரே வரியில நாலஞ்சு துண்ட ஒட்டுனா கம்பைலர் அழகாப் பாத்துக்கிடும். 2017ல வந்த ஜாவா 9 அத இன்னும் மெருகேத்தி வச்சிருக்கு. ஆனா லூப்புக்குள்ள வச்சா, ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு புதுச் சரம்தான். கம்பைலர் என்ன, வீட்டு மருமவளா, சொல்லாமலே எல்லாத்தையும் எடுத்துக் கட்டிச் செய்ய?

பைத்தான்காரப் பயலுவ கதை இன்னும் ருசியா இருக்கும். அங்கயும் சரத்தத் தொடக் கூடாதுன்னுதான் சட்டம். ஆனா 2004ல வந்த 2.4லருந்து சிபைத்தான் கமுக்கமா ஒரு காரியம் பண்ணுது. அந்தச் சரத்த வேற ஒருத்தரும் பிடிச்சிருக்கலன்னு தெரிஞ்சா, சட்டத்த ஓரமா வச்சிட்டு, இருக்க இடத்துலயே நீட்டி விட்டுரும். பய எழுதுனது கோணலா இருந்தும் வேகமா ஓடும். அவன் தன்னை மேதைன்னு நெனச்சுக்கிடுவான். அதே புரோகிராமத் தூக்கிப் பைபைங்க இன்னொரு பைத்தான்ல போட்டா அந்தச் சலுகை கிடையாது. இத நம்பிக் கோடு எழுதாதன்னு பெப் 8ங்க அவுக நடை விதியிலயே எழுதி வச்சிருக்காவ. எவன் படிக்கான்? ஜாயின் பண்ணுங்கதுதான் அங்க முறை. துண்டெல்லாம் முதல்ல சேத்து, மொத்தம் எத்தனை முழம்னு அளந்து, ஒரே நாரா கிழிச்சு, ஒரே தடவையில கட்டி முடிச்சிரும். உதிரிப்பூவ முதல்ல அளந்துட்டுக் கட்டுத பூக்காரி மாதிரி.

ஜாவாஸ்கிரிப்ட் இருக்கே, அது நம்ம பஞ்சாயத்து போர்டு மாதிரி. குரோமுக்குள்ள இருக்க வி8 என்ன செய்யுது தெரியுமா? ரெண்டு சரத்த ஒட்டச் சொன்னா ஒட்டாது. "இதுக்குப் பொறவு அது"ன்னு ஒரு சீட்டுல குறிச்சு வச்சிட்டு, ஒட்டியாச்சுன்னு சொல்லிரும். லட்சம் தடவ ஒட்டச் சொன்னாலும் லட்சம் சீட்டு, வேலை நிமிசத்துல முடிஞ்ச மாதிரி இருக்கும். யாராவது வந்து, "ஐநூறாவது எழுத்து என்ன?"ன்னு கேட்டாத்தான் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு எல்லாத்தையும் ஒரே நீளமா ஆக்கும். கலெக்டர் வாராருன்னா ஒரு ராத்திரியில ரோடு போடுதாவல்லா, அப்படி. கேலி பண்ணுதேன்னு நெனக்காதிய, இது கெட்டிக்காரத்தனம்தான். யாரும் கேக்கவே போகாத வேலைய எதுக்குச் செய்யணும்?

இன்னொரு கூத்தும் உண்டு. நீளச் சரத்துலருந்து ஒரு துண்டு வெட்டி எடுக்கது. ஜாவா ஆரம்பத்துல வெட்டவே வெட்டாது; "இங்கருந்து இதுவரைக்கும் உன்னுது"ன்னு அடையாளம் மட்டும் காட்டும். வேகம்னா அப்படி ஒரு வேகம். ஆனா பத்து எழுத்த வச்சிருக்க ஒருத்தனுக்காகப் பத்து எம்பி சரத்தக் குப்பைக்காரன் தொட முடியாம நிப்பான். ஒரு முழம் பூ வாங்குனவ கூடையவே பிடிச்சு வச்ச கதை. பொறுத்துப் பாத்துட்டு 2012ல, ஜாவா 7லயே, இனிமே துண்டுன்னா நகல்தான்னு மாத்திட்டாவ. கோ மொழிக்காரன் இன்னும் அந்தப் பழைய வழியிலதான் இருக்கான். வேணும்னா நகல் எடுத்துக்கோன்னு 2022ல ஒரு குளோன தனியாக் குடுத்தான். எது சரி? உனக்குத் துண்டு அடிக்கடி வேணுமா, கூடை சீக்கிரம் காலியாகணுமான்னு பாத்துக்கோ.

சி++ காரன் ஒரு சின்னத் தந்திரம் வச்சிருக்கான், அதையும் சொல்லிருதேன். ஜிசிசி குடுக்க லைப்ரரியில 15 பைட்டு வரைக்கும் உள்ள சரத்துக்குத் தனி இடமே கேக்க மாட்டான். மடியிலயே முடிஞ்சு வச்சுக்கிடுவான். நம்ம ஆளுக சுருக்குப்பை மாதிரி.

இப்ப எங் கதைக்கு வாரேன். ஊரார் குத்தமெல்லாம் சொல்லிட்டு எங் குத்தத்த மறைச்சா ஆச்சி சும்மா விட மாட்டா.

சி இருக்கே, 1970கள்ல டென்னிஸ் ரிட்சி பெல் லேப்ஸ்ல பெத்தெடுத்த புள்ள, அது சரத்தோட நீளத்த எங்கயும் எழுதி வைக்காது. கடைசியில ஒரு பூச்சியம் வச்சிருக்கும், அவ்வளவுதான். நீளம் என்னன்னு ஸ்ட்ர்லென்ட்ட கேட்டா, முதல் எழுத்துலருந்து பூச்சியம் வரைக்கும் நடந்து எண்ணிட்டு வந்து சொல்லும். ஸ்ட்ர்கேட்ட வச்சு ஒட்டச் சொன்னா, ஒவ்வொரு தடவையும் முதல்லருந்து நடந்து கடைசிக்குப் போயித்தான் ஒட்டும். அந்தக் காலத்துப் பாஸ்கல்ல முதல் பைட்டுலயே நீளத்த எழுதி வச்சிருப்பாவ. 255க்கு மேல எண்ணிக்கை ஏறாதுதான், ஆனா நடக்க வேண்டியதில்ல.

நான் வேலை பாத்த எடத்துல, பேரு வேண்டாம், ராத்திரி ரசீதுப் பட்டியல் அடிக்க புரோகிராம் என்னுது. லூப்புக்குள்ள ஸ்ட்ர்கேட். முதல் வருசம் சிட்டாப் பறந்துச்சு. ரசீது பெருகப் பெருக, விடியக் காலையில கோழி கூவும்போதுதான் முடியும். மேனேஜர் கேட்டாரு. "மிசினு பழசு சார்"ன்னேன், கண்ணு இமைக்காம. புது மிசின் வாங்கிட்டாவ. ஆறு மாசம் நல்லா ஓடுச்சு, எனக்குச் சம்பளமும் ஏத்திக் குடுத்தாவ. கடைசியா ஒட்டுன எடம் எதுன்னு ஒரு பாயிண்டர்ல வச்சிருந்தா பழைய மிசினே போதும்னு எனக்குப் புரிஞ்சது, அதுக்கும் ரெண்டு வருசம் கழிச்சு. பேரன்ட்ட இதச் சொன்னப்பதான் பய வாய் விட்டுச் சிரிச்சான்.

சிரிக்காதடே, பெரிய ஆளுகளும் இப்படி நடந்தவுகதான். ஜிடிஏ ஆன்லைன் தெரியுமில்லா? நீதான் ராப்பகலா ஆடுனியே. அப்ப அது திறக்க ஆறு நிமிசம் ஆகும். இன்டர்நெட் சரியில்லன்னு உங்கப்பன்ட்ட சண்டை போட்ட. 2021ல யாரோ ஒரு புண்ணியவான் அத உள்ள பிரிச்சுப் பாத்தான். 10 எம்பி எழுத்து, அதுல 63,000 சாமான் பட்டியல். ஒவ்வொரு சாமானா வாசிக்கும்போதும், மிச்சம் இருக்க மொத்த எழுத்தும் எவ்வளவு நீளம்னு அந்த ஸ்ட்ர்லென் நடந்து போயி எண்ணிட்டு வருது! வாசிக்கது ஒரு சொல்லு, அதுக்கு முன்னால எண்ணுதது பத்து எம்பி. போதாக்குறைக்கு, வாசிச்ச சாமான் முன்னமே வந்துருச்சான்னு முன்னால உள்ள எல்லாத்தோடயும் ஒப்பிட்டுப் பாக்குது. இந்த ரெண்டையும் அவன் சரி பண்ணவும் ரெண்டு நிமிசத்துக்குள்ள திறந்துச்சு. கம்பெனிக்காரவுகளும் ஒத்துக்கிட்டு அவனுக்கு 10,000 டாலர் குடுத்தாவ. வேகத்துக்குன்னே பேரு வாங்குன மொழியில எழுதுனது அது.

ஒண்ணுமில்லாத எழுத்தே ஆளக் கவுத்த கதையும் இருக்கு. 2016 ஜூலை 20ஆம் தேதி ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிசம் படுத்துருச்சு. நீங்க எல்லாரும் கோடு எடுத்து ஒட்டுத எடம்லா, அன்னைக்கு உலகத்துல பாதி ஆபீஸ்ல வேலை நடந்திருக்காதுன்னு நான் கேலி பண்ணிக்கிடுவேன். காரணம் என்ன? எவனோ ஒருத்தன் 20,000 வெத்து இடத்த ஒரு வரிக்கு நடுவுல விட்டுட்டான். வரிக் கடைசியில உள்ள வெத்து இடத்த வெட்டுததுக்கு அவுக ஒரு ரெஜெக்ஸ் வச்சிருந்தாவ. அது முதல் இடத்துலருந்து நடந்து போயி, 'அடடே, கடைசியில வேற எழுத்து இருக்கே'ன்னு திரும்பி வந்து, ரெண்டாவது இடத்துலருந்து மறுபடி நடந்துச்சு. ஏறக்குறைய 20 கோடி நடை. இப்படித் திரும்பித் திரும்பி நடக்காம ஒரே போக்குல பாத்து முடிக்க வழிய கென் தாம்சன் 1968லயே எழுதி வச்சிட்டாரு. கோ மொழியிலயும் ரஸ்ட்லயும் உள்ள ரெஜெக்ஸ் அந்த வழியிலதான் போகுது. இந்த ஒரு காரியத்துல உன் ரஸ்ட்டுக்கு நான் கை தட்டுதேன்.

அந்தக் கென் தாம்சன்தான், 1992 செப்டம்பர்ல நியூ ஜெர்சியில ஒரு சாப்பாட்டுக் கடையில ராப் பைக் கூட உக்காந்து, தட்டுக்கு அடியில போடுத தாள்ல யுடிஎஃப்-8 எழுத்து முறைய வரைஞ்சவரு. நம்ம ஆளுக சாப்பாட்டுக் கடையில உக்காந்தா கட்சி அரசியல்தான் பேசுவோம். அவுக எழுத்தப் பத்திப் பேசுனதுல, இன்னைக்கு நீயும் நானும் போன்ல தமிழ்ல ஏசிக்கிட முடியுது.

சரி, ஒரு கேள்வி. 'தமிழ்'ங்க சொல்லுல எத்தனை எழுத்து? ஒண்ணாங்கிளாஸ் புள்ள மூணும்பா. பைத்தான்ட்ட கேளு, அஞ்சும்பான்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளின்னு பிரிச்சு எண்ணுதான். ஜாவாவும் அஞ்சுதான். கோ, ரஸ்ட் ரெண்டு பேருட்டயும் கேட்டா 15, ஏன்னா அவனுக பைட்டு எண்ணுதானுக. யுடிஎஃப்-8ல நம்ம குறி ஒண்ணுக்கு மூணு பைட்டு. ஸ்விஃப்ட் ஒருத்தன்தான் மூணுன்னு நம்ம வாத்தியார் மாதிரிச் சொல்லுதான். ஆனா அதுக்கு அவன் முதல்லருந்து நடந்து, கொக்கி எது, புள்ளி எதுன்னு பாத்துப் பாத்து எண்ணணும். மத்தவனுக எழுதி வச்ச நம்பர எடுத்துச் சொல்லுதானுக. வேகமாச் சொல்லுதவன் தப்பாச் சொல்லுதான், சரியாச் சொல்லுதவன் நடந்து போயிச் சொல்லுதான். இப்ப இதுல எந்த மொழிக்கு மார்க்கு போடுவ? ஹலோ வேர்ல்டுன்னு லட்சம் தடவ ஒட்டிப் பாத்துட்டு இந்த மொழி ஃபாஸ்ட்டுன்னு பெஞ்ச்மார்க் போடுதாவளே, அவுகள்ள ஒருத்தராவது 'கொழுக்கட்டை'ன்னு போட்டுப் பாத்திருப்பாவளா? அந்த 'கொ'வையே ரெண்டு விதமா எழுதலாம், கொம்பையும் காலையும் சேத்து ஒரே குறியா, இல்ல தனித்தனியா. கண்ணுக்கு ஒண்ணு போலத்தான் இருக்கும். ஒப்பிட்டுப் பாத்தா ஜாவா, பைத்தான் ரெண்டும் வேற வேறன்னு சொல்லிரும்.

இன்னும் கேளு. ஜாவா 9லருந்து, இங்கிலீசு எழுத்து மட்டும் இருக்க சரத்துக்கு எழுத்துக்கு ஒரு பைட்டுதான். அதுல ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைஞ்சாப் போதும், மொத்தச் சரமும் எழுத்துக்கு ரெண்டு பைட்டா ஆயிரும். பைத்தான்லயும் 2012ல வந்த 3.3லருந்து இதே மாதிரிதான். அதுல ஒரு சிரிக்க மூஞ்சி பொம்மையப் போட்டேன்னா எழுத்துக்கு நாலு பைட்டு. பத்து லட்சம் எழுத்துக்கு நடுவுல ஒத்த பொம்மை, 10 லட்சம் பைட்டு 40 லட்சமாகும். எம் பேரன் பட்டியல்ல பேரெல்லாம் தமிழு. ஆக 25,000 கோடி எழுத்துன்னு கரியால எழுதுனத அழிச்சிட்டு 50,000 கோடி பைட்டுன்னு திருத்தி எழுதுனேன். ஆச்சி வந்து செவுத்தப் பாத்துட்டு, வெள்ளையடிச்சு மூணு நாளாகலன்னு எங்க ரெண்டு பேரையும் ஏசுனா.

பய அன்னைக்கு ராத்திரி ரெண்டு வரியத்தான் மாத்துனான். ஓட விட்டான். சாயா கொதிக்கதுக்குள்ள முடிஞ்சு போச்சு. "தாத்தா, ஜாவா அவ்வளவு ஸ்லோ இல்ல"ன்னான், ஏதோ ஜாவாவுக்குப் பெரிய மனசு பண்ணி மன்னிப்புக் குடுத்த மாதிரி.

சோதனைக்குன்னு பட்டியல்ல முதல் பேரா ஆச்சி பேரப் போட்டிருந்தான். அவளக் கூப்பிட்டுப் பெருமையாக் காட்டுனான். அவ கண்ணாடிய மாட்டிப் பாத்தா. 'இசக்கியம்மாள' அப்படின்னு இருக்கு. பேருக்கு 12 எழுத்து இடம்னு வச்சு, அதுக்கு மேல வந்தா வெட்டச் சொல்லியிருக்கான். இசக்கியம்மாள்ங்கதுல எட்டே எட்டு எழுத்துதான், எண்ணிப் பாருங்க. ஜாவாவுக்கு அது 13. பதிமூணாவதா நின்ன புள்ளியச் சீவிட்டுப் போயிருச்சு.

அது பொங்கலுக்கு நடந்தது. இப்ப ஆடி வந்தாச்சு, ஆச்சிக்குப் புள்ளி இன்னும் வந்து சேரல.